மருந்து கிடைக்காத பாதி

என் கணவர் மரினஸ் கப்பல் தச்சர். இளவயதில் ஃப்ளிஸ்ஸிங்கன் கப்பல் பட்டறையில் அவர் அறுத்த ஆஸ்பெஸ்டாஸ் பலகைகளின் தூசி, அறுபது வயதுக்கு மேல் நுரையீரல் உறையில் புற்றுநோயாக முளைத்தது. அரிய வகை. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது.

கீமோ முடிந்தபோது கட்டி வளராமல் நின்றிருந்தது. டாக்டர் ருலோஃப்ஸ் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்:

"வழக்கமா இதுக்கப்புறம் ஒண்ணும் கொடுக்க மாட்டோம். மறுபடி வளருதான்னு பார்த்துக்கிட்டிருப்போம். இப்ப ஒரு சோதனை நடக்குது. உடம்போட எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பற மருந்து. நோய் அடங்கியிருக்கறப்பவே அதை ஏத்திக்கிட்டே வந்தா, தலைதூக்காம அமுக்கி வைக்குமான்னு பார்க்கறோம். பாதிப் பேருக்குத்தான் மருந்து. யாருக்குன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்."

மரினஸ் சம்மதித்தார். குலுக்கலில் மருந்து இல்லாத பாதியில் விழுந்தார்.

காரில் எனக்குப் பொறுமை போயிற்று. "இதுக்கா ரோட்டர்டாம் வரைக்கும் வந்தோம்? விலகிடு. ஜெர்மனியில கிடைக்குதான்னு பார்க்கலாம்."

"பீட்டர்நெல், ஒரு பலகை கோணலான்னு எப்படிப் பார்ப்பே? இன்னொண்ணைப் பக்கத்துல வச்சுத்தானே. அந்த இன்னொண்ணு நான்."

"நீ பலகை இல்ல. என் புருஷன்."

"புருஷனா இருந்துக்கிட்டே ஸ்கேனுக்குப் போறேன். உனக்கென்ன?"

நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஸ்கேன் அறை வாசலில் கோபஸ் பழக்கமானார். இழுவைப் படகு ஓட்டியவர், மருந்து கிடைத்த பாதி. மருந்தால் உடம்பெல்லாம் அரிப்பு.

"மருந்து ஏத்தாம சும்மா இருக்கறவன் முகத்துலதான்யா களை," என்பார் அவர்.

"சொறிஞ்சுக்கிட்டே உள்ள போகாதே, படம் ஆடிடும்," என்பார் மரினஸ்.

கோடையில் மரினஸுக்குக் கட்டி வளரத் தொடங்கியது. வேறு கீமோ கொடுத்தார்கள். மூச்சு வாங்கியது. இனி அலைய வேண்டாம், ஃபோனிலேயே விசாரித்துக்கொள்கிறோம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

"நேர்லயே வர்றேன். நான் பாதியில நின்னா எங்க பக்கத்துக் கணக்குல ஓட்டை விழுந்துடும்," என்றார் மரினஸ்.

அதற்குள் அந்தப் பிடிவாதம் எனக்கும் தொற்றியிருந்தது. ஆக்ஸிஜன் உருளையைப் பின் இருக்கையில் பெல்ட் போட்டுக் கட்டி, பனிமூட்டத்திலும் நானே ஓட்டிப்போனேன்.

பிப்ரவரியில் மரினஸ் இறந்தார். கோபஸ் இன்னும் ஒரு கோடையைப் பார்த்துவிட்டு அவரும் கண்மூடினார்.

சோதனை முடிந்ததும் டாக்டர் என்னை நேரில் வரச்சொன்னார். "மருந்து ஏத்தினவங்களுக்கு நோய் மறுபடி வளர்றது சில மாசம் தள்ளிப் போயிருக்கு. எல்லாருக்கும் இல்ல. குணமாகவும் இல்ல."

"எதைவிடச் சில மாசம், டாக்டர்?"

"மரினஸ் மாதிரி இருந்தவங்களைவிட."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "அடுத்து என்ன செய்யப் போறீங்க?"

"முதல்லயே, கீமோவோட சேர்த்துக் கொடுத்துப் பார்க்கப் போறோம்."

"அதுலயும் பாதிப் பேருக்குத்தானே?"

"ஆமா."

"அந்த இன்னொரு பாதியில விழுந்துட்டு யாராவது சண்டை போட்டா, என் நம்பரைக் கொடுங்க. நான் பேசறேன்."