ஆயிரத்தில் அந்த நாலு பேர்

1

இது ஒட்டுக்கேட்ட கதை, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மகளிர் மருத்துவரின் அறைக்கு வெளியே என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே ஒரு பெண் கேட்டாள்: "அந்த நாலு பேர் யார் யாருன்னு முன்னாடியே தெரியுமா டாக்டர்?" அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

மாதவிலக்கு நின்று இரண்டு வருடமான அந்தப் பள்ளி ஆசிரியை

(வேண்டாம். ஆசிரியை என்றால், வேர்த்துக் கொட்டும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு தப்பித்துவிடுவாள்.)

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். பதினைந்து மாடி உயரத்தில் கூண்டு, காலடியிலும் கண்ணாடி. குனிந்து பார்த்தபடியே கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் இறக்க வேண்டும். தூக்கிய பெட்டி ஆடும். மூன்றாவது ஆட்டம் அடங்கி, கீழே நிற்கும் சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் "வை" என்ற பிறகுதான் இறக்குவாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

போன மாதம் இரண்டாவது ஆட்டத்திலேயே இறக்கிவிட்டாள். மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை. அந்த நேரம் பார்த்து மார்பிலிருந்து உச்சந்தலைவரை குப்பென்று சூடு ஏற, எண்ணிக்கை நழுவிவிட்டது. பெட்டியின் மூலை லாரியில் இடித்தது. டிரைவர் குதித்து ஓடினார், நல்லவேளை.

"என்ன மேடம், தூங்கிட்டீங்களா?" என்று சிக்னல்காரர் சிரித்தார். இன்னொரு தடவை நடந்தால் கீழே ஓர் உயிர் போகும். இல்லையென்றால் அதற்கு முன்னால் அவளே கூண்டைவிட்டு இறங்கிவிட வேண்டும்.

3

"ஹார்மோன் எடுத்தா இந்த வேர்வை, தூக்கமின்மை பெரும்பாலும் அடங்கும். எலும்புக்கும் நல்லது," என்றார் மருத்துவர். "ஆனா ரெண்டு ஹார்மோன் சேர்த்து அஞ்சு வருஷம் எடுக்கிற ஆயிரம் பேர்ல, சுமாரா நாலு பேருக்குக் கூடுதலா மார்பகப் புற்றுநோய் வரலாம். உங்க அக்காவுக்கு வந்திருக்கு, அதனால இன்னும் யோசிக்கணும். ஹார்மோன் இல்லாத மருந்தும் இருக்கு, இந்த அளவுக்குக் கேட்காது."

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"தெரியாதும்மா," என்றார் மருத்துவர்.

மறுநாள் கூண்டிலிருந்து பார்த்தாள். கீழே ஆயிரம் பெட்டியாவது அடுக்கியிருக்கும். எதற்குள் என்ன என்று வெளியே தெரியாது. அம்மாடி, இதில் எந்த நாலு? ஆயிரம் பெண்கள், ஆயிரம் நனைந்த தலையணைகள், அதில் ஒன்று தன்னுடையது என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

(எனக்கு மலைப்பு வேறு இடத்தில். இந்த ஹார்மோனைப் பேட்ச் என்று தோலில் ஒட்டுகிறார்களே, அதிலிருந்து ஒரு நாளைக்கு உள்ளே போகிற மருந்து ஓர் உப்புக்கல் எடைகூட இல்லை. முப்பது டன்னை ஆடாமல் இறக்குகிற கைக்கு அதுதான் தேவைப்படுகிறதாம்! இந்த உடம்பை என்னவென்று சொல்ல?)

4

"வேண்டாம்டி. நான் பட்டது போதாதா?" என்றாள் அக்கா போனில்.

"கீழ ஆள் நிக்கிறாங்கக்கா."

"ஒட்டறதுன்னு முடிவு பண்ணா நான் வந்து ஒட்டிவிடறேன். தனியா ஒட்டாதே," என்றாள் அக்கா.

(சத்தியமாக நான் யோசித்த வரி இல்லை. அக்காவே சொன்னாள். எழுதிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.)

5

முடிவு ஒன்று: மூன்றாம் வாரம் அவள் விடியும்வரை தூங்கினாள்.

முடிவு இரண்டு: கூண்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு

முடிவு மூன்று: நாலாவது வருடம், குளிக்கும்போது மார்பில் விரலுக்கு

(மூன்றையும் அடித்துவிட்டேன்.)

மருத்துவருக்குத் தெரியாது. எழுதுகிற எனக்குத் தெரியும், தெரிய வேண்டும். ஒரு வரி எழுதினால் அவளை அந்த நாலு பேரில் ஒருத்தியாக்கிவிடலாம். கை ஓடவில்லை. என் கைப்பையிலும் அதே மருந்துச்சீட்டு மடித்துக் கிடக்கிறது, சொல்ல விட்டுப்போயிற்று.

அக்கா வந்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, பேட்சை விரல் நுனியில் பிடித்திருக்கிறாள். மின்விசிறிக் காற்றில் பேட்ச் ஆடுகிறது. தங்கை சட்டையைத் தூக்கிக்கொண்டு, பழக்க தோஷம், மனசுக்குள் ஆட்டத்தை எண்ணுகிறாள். ஒன்று. இரண்டு. மூன்றும் அடங்கிவிட்டது.

சிக்னல்காரரின் வாக்கிடாக்கியை உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன். அவள் காத்திருக்கிறாள்.