மோட்டார் நின்ற பிறகும்

மனிதகுலத்தின் துணிதுவைப்பு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய ஒரு வியாழக்கிழமையை இதன்மூலம் உலகுக்கு அறிவிக்கிறேன். யாரும் பொறிக்கவில்லை, ஆகவே நானே எழுதுகிறேன்.

எங்கள் ஒலிச்சோதனை அறையை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கும். சுவரெங்கும் முக்கோணப் பஞ்சு, காலடியில் கம்பிவலை, குளிர்கிடங்குக்கு வைப்பது போன்ற கனத்த கதவு. உள்ளே நின்றால் சொந்த வயிறு பேசுவது கேட்கும். வெளியே டெசிபல் மீட்டர், அது கோடு இழுக்கும் காகிதச் சுருள், நான், சலவை இயந்திரத்தின் மோட்டாரை வடிவமைத்த அவள்.

காலையில் மீட்டர் ஐம்பத்திரண்டு காட்டும். மதியம் ஐம்பத்தெட்டு. மூன்று வாரமாக ஸ்பிரிங்கை மாற்றினோம், ரப்பரை மாற்றினோம், எங்கள் முகங்களைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினோம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சத்தம் குறையலைன்னா நீங்க கிடங்குக்குப் போயிடுங்கம்மா" என்றார் பிரிவுத் தலைவர். பொறுப்பானவர், சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குள் நாற்காலி போட்டு அமர்ந்து சோதனையை நேரில் கண்காணிப்பார். 'காதை நம்பாதே, மீட்டரை நம்பு' என்று எழுதி மாட்டியவரும் அவர்தான். அதனால் நாங்கள் அளந்தோமே தவிர, ஒருநாளும் கேட்கவில்லை. ஹெட்ஃபோன் உறை பிரிக்காமல் இழுப்பறையில் கிடந்தது.

வியாழன் மதியம் அவள் உறையைக் கிழித்தாள். கேட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"யாரு சொல்றது?" என்றேன்.

"நீதான். உன்மேல அவருக்குப் பாசம்."

"எனக்கு வேலை வேணும்."

"எனக்கு வேண்டாமா? கிடங்குல எலி எண்ணப் போறது யாராம்?"

மோட்டாரை நிறுத்திவிட்டு, உள்ளே கேட்டதை டேப்பில் பதிவு செய்தாள். மாலையில் தலைவரின் காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். அவர் கண்மூடி, கச்சேரி கேட்பவர்போல் தலையசைத்தார்.

"பேரிங் தேஞ்சிருக்கு. சின்னக் குழந்தைக்கும் தெரியும்."

"மோட்டாரை நிறுத்தின பிறகு எடுத்தது சார். அப்போ உள்ள நீங்க மட்டும்தான் இருந்தீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"அந்த நாற்காலியை வெளியே எடுத்துப் போடச் சொல்லுங்க. கிறீச்சிடுது."

வெள்ளி மதியம் ஐம்பத்திரண்டு. அவள் கிடங்குக்குப் போகவில்லை. மறு ஆண்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த அறையில் இப்போது அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்களாம். அப்படியொரு அமைதி அதன்பிறகு எனக்கு எங்கும் வாய்க்கவில்லை.

அவளுக்கும்தான். ஞாயிறு மதியம் நான் கண்விழிக்கும்போது, என் மூக்கருகே கைபேசியின் டெசிபல் மீட்டரைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"பேரிங்கா?" என்பேன்.

அறுபத்தொன்று.