பல் டாக்டர் போட்ட மெட்டு

பேஸ் அக்காவுக்குத் தலை நரைத்த பிறகுதான் சொந்தமாக ஒரு பாட்டு பிறந்தது. அதுவரை அடுத்தவர் பாட்டுக்கு அடித்தளம் போட்டே காலம் போனது. ஜாஸ் குழுவில் பியானோக்காரர் கைதட்டு வாங்குவார், சாக்ஸபோன்காரர் விசில் வாங்குவார். இவள் டபுள் பேஸ் என்கிற, தன்னைவிட உயரமான தந்தி வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பாள். அது நின்றுபோனால்தான் அப்படி ஒன்று இருந்ததே ஜனங்களுக்கு உறைக்கும். பகலில் இசைப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பது, சாயங்காலம் கச்சேரி, இப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. "உங்க பாட்டு ஒண்ணு போடுங்களேன்" என்று யாராவது கேட்டால், "எனக்கெல்லாம் பாட்டு வராதுப்பா" என்பாள். தன்னடக்கமெல்லாம் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள்.

அப்படிப்பட்டவள் போன மாதம் ஒரே மூச்சில் ஒன்றை எழுதி முடித்தாள். வருகிற சனிக்கிழமைக் கச்சேரியில் கடைசிப் பாட்டு அதுதான். அரங்க வாசல் பலகையில் 'இசையமைப்பு' என்று போட்டு இவள் பெயரை மட்டும் தனியாக எழுதியிருந்தார்கள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் கணவர், இசை என்றாலே சத்தம் என்கிற மனுஷர், அவரே அந்தப் பலகையை நின்று போட்டோ எடுத்தார்.

புதன்கிழமை பல் டாக்டர் வகுப்புக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய பிறகு பேஸ் கற்க ஆசைப்பட்டு ஒரு வருஷமாக வருகிறவர். விரல்தான் மரக்கட்டை, காது நல்ல காது. அன்றைக்கு என்னவோ புது மாப்பிள்ளை மாதிரி நெளிந்துகொண்டு நின்றார்.

"டீச்சர், சிரிக்கக் கூடாது. நானே ஒரு மெட்டு போட்டிருக்கேன்."

"அட, சொல்லவே இல்லையே! வாசிங்க, வாசிங்க."

வாசித்தார். நாலு சுரம் போவதற்குள் பேஸ் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய பாட்டு! அதே ஏற்றம், அதே இறக்கம், நடுவில் மூச்சு வாங்குகிற இடம்கூட அதே இடம்.

"இது... எப்பப் போட்டீங்க?"

"அது ஆச்சு, போன மழைக்காலத்துல. தினம் கிளினிக் மூடினதும் வாசிப்பேன். இங்ககூட நீங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தரம் வாசிச்சிருக்கேன்."

மழைக்காலம்! இவள் எழுதியதோ போன மாதம். கதவுக்கு வெளியே வரும்போது காதில் விழுந்திருக்கிறது. மனசு அதைப் பத்திரமாக ஒளித்து வைத்திருந்து, உன்னுடையதுதான் என்று கூசாமல் எடுத்து நீட்டியிருக்கிறது. வேறென்ன? வாத்தியார் மாணவரிடம் திருடுவதா, இதைவிடக் கேவலம் உண்டா? நன்றாயிருக்கிறது என்று மென்று முழுங்கி வகுப்பை முடித்தாள்.

குழுவில் டிரம்ஸ் வாசிப்பது இவளுடைய கொழுந்தன். அவனுக்குப் போன் போட்டாள்.

"சனிக்கிழமை என் பாட்டு வேண்டாம். எடுத்துடு."

"என்ன அண்ணி, விளையாடுறீங்களா? பலகையெல்லாம் வச்சாச்சு."

"காரணம் கேக்காதே. எடுத்துடுன்னா எடுத்துடு."

அதோடு விட்டிருக்கலாம். மனசாட்சி விட்டால்தானே! உரியவரிடம் நேரில் சொல்லாமல் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது என்று மறுநாள் காலை கிளினிக்குக்கே கிளம்பிப் போனாள்.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்துச் சாய்த்துவிட்டார்.

"டாக்டர், நான் பல்லுக்காக வரல..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஆ காட்டுங்க. அடடா, கடவாய்ப் பல்லு சொத்தை! இத்தனை நாள் எப்படித் தாங்கினீங்க?"

ஊசி போட்டார், பஞ்சைத் திணித்தார். மன்னிப்புக் கேட்க வந்தவள் வாயைப் பிளந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தலையெழுத்து என்பது இதுதான். டிரில் ஓட ஆரம்பித்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் டிரில் நின்றது.

"டீச்சர், பாடுறீங்களே!"

"ஆ?"

"வலிக்குதோன்னு பயந்துட்டேன். பாத்தா, பாட்டு. கிளாஸ்ல பாடுவீங்களே, அதே..." முகக்கவசத்துக்கு மேலே டாக்டரின் கண்கள் விரிந்தன. "ஐயையோ!"

"எ... என்னா?"

"நான் ஸ்கேல் பாடம் வாசிக்கிறப்ப நீங்களும் கூட வாசிச்சுக்கிட்டே மேல ஒண்ணு முனகுவீங்க இல்ல? முதல் கிளாஸ்லேர்ந்து அதுதான். எனக்கு விரலைப் பாக்கவே சரியா இருக்கும், காதுல என்ன ஏறுதுன்னு எங்க கவனிச்சேன்? டீச்சர், என் மெட்டு உங்களுது! நான்தான் சுட்டுட்டேன்!"

பேஸ் அக்கா பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "நானா? நான் முனகுவேனா?" மரத்துப்போன உதடு பாதி வார்த்தையைத் தின்றுவிட்டது.

"உங்களுக்குத் தெரியாதா?"

சத்தியமாகத் தெரியாது. விரல் போகிற வழியில் தொண்டையும் போவது பேஸ்காரர்கள் பலருக்கு உள்ள பழக்கம்தான். மற்றவர்களை அதற்காகக் கேலிகூட செய்திருக்கிறாள். தனக்கும் உண்டென்று இந்த நாற்காலியில்தான் தெரிகிறது. போன உயிர் திரும்பி வந்தது. வந்த விஷயத்தை அப்போதுதான் குழறிக் குழறிச் சொல்லி முடித்தாள்.

"உங்களுக்கு வருத்தமா இல்லையா டாக்டர்?"

"கொஞ்சம் இருக்கு, இல்லாம என்ன? ஆனா அப்பாடான்னும் இருக்கு. அடுத்த பாட்டு எப்ப, அடுத்த பாட்டு எப்பன்னு வீட்டுக்காரி உயிரை எடுக்கிறா. அந்தத் தொல்லை விட்டுது! சரி, சாயுங்க, பல்லை முடிச்சுடலாம்."

தெருவுக்கு வந்ததும் கொழுந்தனைக் கூப்பிட்டாள். "பாட்டைத் திரும்பச் சேத்துடுடா."

"எடுத்தாத்தானே சேக்கிறதுக்கு! உங்களைத் தெரியாதா எனக்கு?"

"நான் வாசிக்கிறப்ப முனகுவேனாமே?"

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "முனகலா? அண்ணி, முப்பது வருஷமா பாடுறீங்க. சவுண்டுக்காரர் உங்க மைக்கைத் தரையோட தரையா வைக்கிறாரே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. அதைக் கேட்டுத்தான் நாங்க வாசிக்கிறோம். எத்தனை மெட்டு வந்து போச்சு தெரியுமா? நீங்க இப்பத்தான் ஒண்ணே ஒண்ணை எழுதியிருக்கீங்க."

பேஸ் அக்கா பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து கோணல் வாயோடு அழுதாள். சந்தோஷத்துக்குத்தான் அழுகிறாள் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்தில் இருந்த அம்மாள், "பல்லு பிடுங்கினாங்களா? ரெண்டு நாள்ல சரியாயிடும்மா" என்று தோளைத் தட்டினாள்.

சனிக்கிழமை மேடையில் சவுண்டுக்காரர் வழக்கம்போலக் குனிந்து மைக்கைத் தரைக்குத் தணித்தார்.

"அதைக் கொஞ்சம் மேல தூக்கி வைங்க."

அவர் தயங்கி நிமிர்ந்தார். "அக்கா... நீங்க பாடுறது வெளிய கேட்டுடுமே."

"கேக்கட்டும்" என்றாள்.