ஒரு திர்ஹாம் புயல்

அஜ்மான் கடற்கரையோரத்து ஏழு வீட்டு வரிசையில் புயல் ஒரு தடவைக்கு ஒரு வீட்டை மட்டுமே அடிக்கும். எந்த வீடு என்பதை முன்கூட்டியே சீட்டுக் குலுக்கி முடிவு செய்தவர் ஜுலைஹா பீவி. வானிலை இலாகாவுக்கு இதில் பங்கு எதுவும் இல்லை. அவர்கள் வழக்கம்போல மொத்த ஊருக்கும் சேர்த்துத்தான் எச்சரிக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்கு முன்னால் அந்த ஏழு வீடுகளும் ஊரிலுள்ள மற்ற வீடுகளைப் போலத்தான் நனைந்தன. 2024 ஏப்ரல் மாதப் பெருமழையில் ஏழு வீட்டுக் கீழ்த்தளத்திலும் சோபா மிதந்தது. ஒரு வீட்டு சோபா அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றதில் இரண்டு குடும்பங்களுக்குச் சில நாள் பேச்சுவார்த்தை இல்லை. அதன் பிறகு கடலுக்கு வழி பழகிவிட்டது. காற்றுக் காலத்தில் அடிக்கடி வந்துபோனது.

ஏழு வீடும் வங்கிக் கடனில் வாங்கியவை. இன்சூரன்ஸ் இல்லாத வீட்டை வங்கி விட்டுவைக்காது. கம்பெனியோ மழைக்கு அடுத்த வருஷம் பிரீமியத்தை இரட்டிப்பாக்கியது, பிறகு இன்னும் ஏற்றியது. கடைசியில், கட்ட முடியாது என்று ஏழு பேரும் கையை விரித்தபோது, கம்பெனியின் ஏஜென்ட் வருண் மலிவான பாலிசி ஒன்றைக் கொண்டுவந்தான். வீடு தீப்பிடித்தால் பணம் உண்டு, திருடன் வந்தால் உண்டு, விமானம் கூரையில் விழுந்தால்கூட உண்டு. புயல், வெள்ளம், கடல்நீர் மட்டும் நீங்கலாக. ஷார்ஜாவில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஹசன் அலி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, இங்கெ வர்றது புயல் ஒண்ணுதான். அத விட்டுட்டு மத்த எல்லாத்துக்கும் தர்றியளே?” என்று கேட்டார். “அதனாலதான் சார் உங்களுக்குக் கட்டுப்படியாகுது” என்றான் வருண். பொய் சொல்லத் தெரியாத ஏஜென்ட் அந்தத் தொழிலில் எப்படி நிலைத்தான் என்பது தனியாக விசாரிக்க வேண்டிய விஷயம். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வங்கிக்குக் காகிதம் கிடைத்துவிட்டது, புயலுக்குத்தான் ஒன்றுமில்லை. அதற்குத்தான் ஹசன் அலியின் மனைவி ஜுலைஹா பீவி சீட்டு ஆரம்பித்தார். கீழக்கரையில் இருந்த காலம் தொட்டுச் சீட்டு நடத்துகிறவர், அவர் கையில் ஒரு சீட்டும் உடைந்ததில்லை. ஏழு வீடும் மாதாமாதம் பணம் போட வேண்டும், புயல் எந்த வீட்டை அடிக்கிறதோ அந்த வீடு சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் எந்தச் சீட்டிலும் தலைச்சீட்டு நடத்துகிறவருக்குத்தான். அந்த வழக்கத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஜுலைஹா பீவி முதல் மாதப் பணத்தை எடுத்து ஒரு சாப்பாட்டு மேசைக்கு ஆர்டர் கொடுத்தார். மறுநாள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் கடலிலிருந்து எழுந்த காற்று ஆறு வீடுகளைச் சுற்றிக்கொண்டு போய் அவர் வீட்டுக்குள் மட்டும் நுழைந்தது. பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த துணி அசையவில்லை. சேதத்தைக் கணக்குப் பார்த்தபோது எடுத்த சீட்டுப் பணத்துக்குச் சரியாக வந்தது, ஒரு திர்ஹாம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புயல் வந்த வீட்டுக்குச் சீட்டு என்று இவர்கள் வைத்த ஏற்பாட்டை, சீட்டு எடுத்த வீட்டுக்குப் புயல் என்று புயல் எடுத்துக்கொண்டது. பணம் கொடுத்தாயிற்றென்றால் சரக்கு இறக்கியாக வேண்டும் என்று நினைக்கிற நேர்மையான வியாபாரி போலிருந்தது அதன் போக்கு.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் ஜுலைஹா பீவி பெயர்களை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்குவார். பெயர் வந்த குடும்பம் டி.வி., ஃபிரிட்ஜ், நகை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் பக்கத்து வீடுகளுக்கு மாற்றிவிட்டு, தானும் அங்கே போய்த் தங்கிக்கொள்ளும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் மாடியில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். புயல் ஆளைத் தொட்டதில்லை. கூரையைப் பிரிக்கும், மாடிச் சுவரைத் தள்ளும், பணத்துக்கு வேலை முடிந்ததும் போய்விடும். வீடு மறுபடி குடியிருக்கிற மாதிரி ஆக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். என்ஜினீயர் விஜயபாஸ்கர் இதெல்லாம் தற்செயல் என்று சொல்லிவந்தார். அவர் பெயர் வந்தபோது ஒரு சாமானையும் நகர்த்தாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கூரை அப்படியே இருந்தது, புது டி.வி., வாஷிங் மெஷின், மூன்று ஏ.சி. எல்லாம் போயிருந்தன, கணக்குச் சரிக்கட்ட ஒரு பூந்தொட்டியும். அடுத்த சீட்டுக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

இப்படி ஆறு வீடும் சீட்டு எடுத்தாயிற்று. மிச்சம் கார்மேகத்தின் வீடு. இனிக் குலுக்க வேண்டிய அவசியமில்லை, அடுத்த புயல் அவனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கொத்தனார். துபாய் அல் கூஸில் தொழிலாளர் கேம்ப் ரூமில் மற்ற எட்டுப் பேருடன் அடுக்குக் கட்டிலில் படுத்துப் பல வருஷம் ஓட்டியவன். பிறகு சொந்தமாகச் சின்ன மராமத்து வேலைகள் எடுத்து, கடன் வாங்கி, வரிசையின் கடைசி வீட்டை வாங்கினான். அதன் பிறகுதான் அவன் மனைவி பானுப்பிரியா விசா எடுத்து வந்தாள். அதுவரை இரண்டு வருஷத்துக்கொரு லீவுதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. எல்லா லீவையும் கூட்டினாலும் இரண்டு வருஷம் தேறாது. குழந்தை இல்லை. லீவு போதவில்லை என்று பானுப்பிரியா சிரித்துக்கொண்டே சொல்வாள், கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது. இந்த முறை எச்சரிக்கை வந்த மாதத்தில்தான் அவளுடைய விசாவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குக் குடியிருக்கிற வீடு ஒன்று கையில் இருக்க வேண்டும். கூரையில்லாத வீட்டைக் காட்டி விசா வாங்க முடியாது. வீடு எழும்புவதற்குள் நாள் முடிந்துவிடும், அவள் ஊருக்குப் போயாக வேண்டும். மறுபடி வருவதற்குள் எந்தச் சட்டம் எப்படி மாறுமோ யாருக்கும் தெரியாது. “போயிட்டு வா, என்ன, கொஞ்ச நாளுதான” என்றான் கார்மேகம். இதே வார்த்தைகளை முன்பு ஏர்போர்ட்டில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் விமானம் ஏறியிருந்தான். சொன்ன பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை பானுப்பிரியா ஜுலைஹா பீவி வீட்டுக்குப் போய், “அக்கா, எனக்கு முழுச் சீட்டும் வேணாம். நான் கழிவுக்கு எடுத்துக்கிறேன்” என்றாள்.

அவசரத்தில் இருக்கிறவர்கள் சீட்டைத் தள்ளி எடுப்பது, அதாவது இவ்வளவு கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று ஏலம் கேட்பது, எங்கும் உள்ளதுதான். ஆனால் கடைசிச் சீட்டுக்காரர் அப்படிக் கேட்பதில்லை. பொறுமையாக இருந்தவருக்கு முழுப் பணமும் என்பதுதான் சீட்டின் நியாயம். “கடைசி ஆளு கழிவு கேட்டு நா கேள்விப்பட்டதே இல்லயேம்மா. எம்புட்டுக்குக் கேக்குற?” என்றார் ஜுலைஹா பீவி. ஒரு திர்ஹாமுக்கு என்றாள் பானுப்பிரியா. ஒன்றுமே வேண்டாம் என்றால் சீட்டு எடுத்ததாக ஆகாது, புயல் ஏழு வீட்டிலும் புகுந்துவிடும் என்பதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். ஆறு வீட்டுக்காரர்களும் கூடினார்கள். புயலை ஏமாற்றினால் அது நம் எல்லோர் மேலும் திரும்பும் என்று விஜயபாஸ்கர் கடுமையாக ஆட்சேபித்தார். மிச்சப் பணம் எல்லோருக்கும் பிரித்துத் தரப்படும் என்று தெரிந்ததும், முயற்சி செய்து பார்ப்பதில் தவறில்லை என்றார். ஜுலைஹா பீவி ஒரு திர்ஹாம் நாணயத்தை பிஸ்மில்லா சொல்லி எடுத்துக் கொடுத்தார். கார்மேகம் அதைக் கொண்டுபோய் கஃப்டீரியாவில் டீ குடித்துத் தீர்த்தான்.

எல்லோரும் புயலுக்கு முன் விலையுயர்ந்த சாமான்களை மாற்றினார்கள். பானுப்பிரியா மலிவான சாமான்களை மாற்றினாள். எலுமிச்சம்பழம், தீப்பெட்டி, ஊக்கு, பட்டன், துணி மாட்டும் கிளிப், தண்ணீர் பாட்டில், பாதி எரிந்த மெழுகுவத்தி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டு ஜுலைஹா பீவி வீட்டில் கொண்டுவைத்தாள். டி.வி. சுவரிலேயே இருந்தது. சுவரில் ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்று ஹசன் அலி கேட்டார். “பாய், இந்த ஊருல ஆளு வந்து ஆணி அடிக்கவே அம்பது திர்ஹாம். ஒரு திர்ஹாமுக்கு எவனும் கீறல் பாக்க மாட்டான்” என்றான் கார்மேகம். தொழில் தெரிந்தவன் சொன்னதால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கணவனும் மனைவியும் பக்கத்து வீட்டுக்குப் போக மறுத்து, கதவைத் திறந்துவைத்து உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

புயல் மத்தியானம் வந்தது. அந்தக் கரைக்கு அதுவரை வந்ததிலேயே பெரியது. ஆனாலும் வாசலில் சுருங்கி, வாசற்படி அளவுக்கு ஆகி உள்ளே நுழைந்தது. ஃபிரிட்ஜைத் தூக்கிப் பார்த்து இருந்த இடத்திலேயே வைத்தது. கண்ணாடி அலமாரியைத் திறந்து தட்டு தட்டாக எடுத்து, புரட்டி, அடுக்கியது. ஜன்னலை அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. மாடிக்குப் போனது, கட்டிலுக்கடியில் பார்த்தது, சமையலறைக்குத் திரும்பி மசாலா டப்பாக்களைத் திறந்து மூடியது. பானுப்பிரியா கார்மேகத்தின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வரை ஒன்றும் உடையவில்லை. ஒரு திர்ஹாம் பெறுமானத்துக்கு அந்த வீட்டில் எதுவும் இல்லை, அதைவிட அதிகமாக எடுக்க அதற்கு மனம் வரவில்லை. வந்த வேலை முடியாமல் போகவும் தெரியாததால் புயல் அங்கேயே தங்கிவிட்டது.

அந்த மாதமே பானுப்பிரியாவின் விசா புதுப்பிக்கப்பட்டது. கடைசிச் சீட்டு இன்னும் முடியாததால் வேறு புயல் எதுவும் அந்த வரிசைப் பக்கம் வரவில்லை. இதை விளக்கி எழுதி பிரீமியத்தைக் குறைக்கும்படி கேட்டார் விஜயபாஸ்கர். கம்பெனி நன்றி சொல்லிப் பதில் எழுதி, மறுவருஷம் கொஞ்சம் ஏற்றியது. பானுப்பிரியா கடைக்குப் போனால் எதையும் இரண்டு திர்ஹாமுக்குக் குறைந்து வாங்குவதில்லை. விருந்தாளிகள் சட்டைப்பையைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறார்கள். வீட்டுக்குள் எப்போதும் காற்று சுற்றுவதால் இருவரும் ஒருவரோடொருவர் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. தலை சீவினால் நிற்பதில்லை, நாள்காட்டி தானாகத் தேதி கிழித்துக்கொள்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை கார்மேகத்துக்கு அலுத்துப்போனது. அடுத்த விசாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஒரு சமோசாவை வாங்கிவந்து மேசையில் வைத்தால் எடுத்துக்கொண்டு போய்விடும், வாங்கி வரட்டுமா என்று கேட்டான்.

பானுப்பிரியா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். “வேணாங்க, இருக்கட்டும். ஊருல அம்புட்டு வருசமும் ஒரு சத்தமில்லாத வீட்டுல கெடந்தேன்” என்றாள். காற்றில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவள் கிட்டே வந்து, காதருகில் குனிந்து, திரும்பவும் சொன்னாள்.

கார்மேகம் சமோசா வாங்கப் போகவில்லை. மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் ஈரத்துணியை அங்கேதான் கொண்டுவருகிறார்கள், சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.