அளவுக்காரியின் கேள்விக்குறிகள்

துறைமுகச் சுவரின் கீழ்ப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் பத்து அலைகளை எண்ணினாள். தண்ணீருக்குள் நட்டிருந்த அளவுக்கம்பத்தில் அலை ஏறிய இடத்தையும் இறங்கிய இடத்தையும் பார்த்து, நடு எண்ணை நோட்டில் எழுதினாள்: 184. நான்கா ஐந்தா என்று தெளிவில்லாததால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கடல் ஏறி நிற்கும் நேரமாகப் பார்த்து நாளுக்கு இரண்டு முறை, பதினோரு வருடமாக இதுதான் வேலை. தெருவில் அவள் பெயர் அளவுக்காரி.

எழுதி முடித்ததும் நோட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டு நாத்தனாருடன் குடியிருப்பு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். மூன்று மாதமாக அவர்கள் தெருவில் கடல்நீர் வீட்டுக்குள் வருகிறது. மேட்டில் கட்டியிருக்கும் புது வீடுகளைக் கேட்டுத் தெருவே மனு கொடுத்திருந்தது. இன்று விசாரணை.

"அங்க போய் பம்மாத அண்ணி. எங்கண்ணன்கிட்ட பேசற மாதிரி பேசு. எழுந்து ஓடிடுவாங்க."

அதிகாரி நோட்டுகளைப் புரட்டினார். "இந்தக் கேள்விக்குறியெல்லாம் யார் போட்டது?"

"நான்தாங்க. சந்தேகம் வந்தா போடச் சொல்லியிருக்காங்க."

"மனுவோட குடுத்த நகல்ல எண்ணிப் பார்த்தோம். ஆயிரத்து இருநூறு இருக்கு. அளந்தவங்களுக்கே சந்தேகம்னா நான் எதை நம்பறது?"

அவளை அளக்க வைத்திருந்த ஆராய்ச்சி நிலையத்து மேடமும் விசாரணைக்கு வந்திருந்தாள்; நாற்காலியை முன்னால் இழுத்தாள். "அந்தச் சந்தேகம் ஒரு சென்டிமீட்டர் சார். கடல் ஏறியிருக்கிறது ஏழு. பூமி சூடாகுது, கடல் ஏறுது. அதுல சந்தேகமே கிடையாது."

"சரி. அந்தத் தெரு எந்த வருஷம் முழுகும்?"

"பத்து வருஷம் ஆகலாம், இருபதும் ஆகலாம். இனிமே எவ்வளவு புகை விடறோம்கிறதைப் பொறுத்து..."

'ஆகலாம்' என்ற சொல்லை மட்டும் அதிகாரி மனுவின் ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டார். "உறுதியா தெரிஞ்சதும் வாங்க."

"அப்ப எப்படிங்க வர்றது, நீந்தியா?" என்றாள் நாத்தனார். கதவருகே நின்ற பியூன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அதிகாரி அடுத்த கோப்பைத் திறந்தார்.

வெளியே வந்ததும் மேடம் அளவுக்காரியின் கையைப் பிடித்தாள். "நீங்க கேள்விக்குறி போடறதாலதான் உங்க நோட்டை நாங்க நம்பறோம்."

"அவரு நம்பலையேம்மா."

மாலையில் நாத்தனாரும் துறைமுகத்துக்கு வந்தாள். கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேல்படியில் உட்கார்ந்து அளவுக்காரி பத்து அலைகளை எண்ணினாள். 188 என்று எழுதினாள். ஒன்பதாகவும் இருக்கலாம்.

"போடாத அண்ணி. உன் கால்ல விழறேன். யாரு வந்து பார்க்கப்போறா?"

பேனா முனை தாளில் நின்றது. அவள் இன்னும் பத்து அலைகளை எண்ணினாள். பிறகு இன்னொரு பத்து. தண்ணீர் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது.

கேள்விக்குறியைப் போட்டு நோட்டை மூடினாள். நாத்தனார் குனிந்து, கீழ்ப்படியிலிருந்து மிதந்து விலகிக்கொண்டிருந்த செருப்புகளை எட்டிப் பிடித்தாள். ஒன்றுதான் கையில் சிக்கியது.