சொல்லாமல் விட்ட மாத்திரை

கல்லூரி முடித்த வருஷம் தேவிப்ரியாவுக்கு இரண்டு தடவை வலிப்பு வந்தது. திருச்சி நரம்பு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் அது அடங்கிவிட்டது. ஆனால் அப்படியொரு சீக்கு இருந்த சங்கதி வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நாளைக்கு ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டிய பிள்ளை என்று அவள் அம்மா அமராவதி அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

சில மாதங்களில் மகளின் நெற்றி, கன்னம், முதுகு எங்கும் பரு வெடித்தது. அவள் கீரனூரிலிருந்து பஸ் ஏறித் திருச்சியில் ஒரு நகைக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடைக்காரர்கள் அவளை முன்வரிசையிலிருந்து எடுத்து உள்ளே பெட்டி அடுக்கும் இடத்தில் போட்டார்கள்.

அமராவதி அவளைப் புதுக்கோட்டையில் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

“வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறாங்களா?”

மகள் வாய் திறப்பதற்குள் அமராவதி முந்திக்கொண்டாள். “ஒண்ணுமில்லீங்க.”

டாக்டரம்மா களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். பரு அடங்கவில்லை. மறுபடி போனபோதும் அதே கேள்வி, அதே பதில். வேறு களிம்பு தந்தார். தோல் உரிந்ததே தவிரப் பரு அப்படியே இருந்தது. இத்தனைக்கும் எண்ணெய்ப் பலகாரம், பால் எதையும் அமராவதி மகளின் கண்ணில் காட்டவில்லை.

பிறகு ஒருவழியாக முகம் தெளிய ஆரம்பித்தது. களிம்பு இப்போதுதான் வேலை செய்கிறது என்று அமராவதி பூரித்துப்போனாள். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் திருவரங்குளத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினாள். அவர்களும் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

அந்த வாரமே, காலைக் கூட்டத்தில், கீரனூர் பஸ் ஸ்டாண்டில் தேவிப்ரியா வெட்டி இழுத்துக்கொண்டு விழுந்தாள். தெரிந்தவர் தெரியாதவர் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

நெற்றியில் தையலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவளிடம், எப்போது மாத்திரையை நிறுத்தினாய் என்று அமராவதி கேட்டாள்.

“டாக்டரம்மாகிட்ட நான் மட்டும் போயி உண்மையச் சொன்னேம்மா. அந்த மாத்திரைதான் பருவைக் கெளப்புது, அதுனாலதான் எந்தக் களிம்பும் கேக்கலன்னாங்க. நீங்களா நிறுத்தாதீங்க, நரம்பு டாக்டரப் பாத்து மெதுவா மாத்திக்கங்கன்னும் சொன்னாங்க. நாந்தான் பொறுக்காம நிறுத்திட்டேன்.”

“எங்கிட்ட ஏன்த்தா சொல்லல?”

“சொன்னா நீ விட்டுருப்பியா? மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல வலிப்பு டாக்டர்கிட்டப் போறதான்னு கேட்டுருப்ப.”

கேட்டிருப்பாள்தான். அமராவதி போர்வையை இழுத்துவிட்டாள்.

நரம்பு டாக்டர் பழைய மாத்திரையையே மறுபடி கொடுத்தார். வேறு ஒன்றைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத்தான் இதைக் குறைக்க முடியும், மாதக்கணக்கில் ஆகும், புதியது ஒத்துக்கொள்ளுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். அதுவரை பரு இருக்கத்தான் செய்யும்.

திருவரங்குளத்திலிருந்து அதன்பிறகு போன் வரவில்லை. தேவிப்ரியாவின் கன்னத்தில் முதலில் இரண்டு, பிறகு கொத்தாகக் கிளம்பின. டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அமராவதி நினைத்தாள். அவருக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்ததே.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மாத்திரையை நீட்டினாள். மகள் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்டா மூஞ்சி இப்பிடி. போடலைன்னா ரோட்டுல விழணும். நான் என்னம்மா செய்ய?”

அமராவதி தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி, மகள் விழுங்கும் வரை அங்கேயே நின்றாள்.