ஐம்பத்தாறு கிலோ

"அசையாத புள்ள. நீ அசைஞ்சா நம்பரும் ஆடுது."

அழகுராஜா சொன்னதும் முனீஸ்வரி கைகளை ஸ்டீயரிங்கில் அப்படியே வைத்துக்கொண்டாள். தலையில் ஒரு ஹெல்மெட். அது அவளுடையதல்ல. உள்ளே வேறு யாருடைய வேர்வை வாடையோ அடித்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கூரை இல்லாத, கதவு இல்லாத, நாலு சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் அது. கார்ட் என்றார்கள். அதன் ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு தராசு. விடியற்காலையில் பரவை மார்க்கெட்டில் கத்திரிக்காயும் சின்ன வெங்காயமும் ஏறி இறங்கிய தராசுகள்தான். துடைத்துத்தான் கொண்டுவந்திருந்தாள். ஆனாலும் ஒரு தட்டின் மூலையில் வெங்காயச் சருகு ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்து எடுக்கலாம் என்றால் எழக்கூடாது.

நான்கு தராசுகளின் எண் பெட்டிகளையும் ஒயரை நீட்டி, அவளுக்கு இடது பக்கம் கிடந்த ஒரே பெஞ்சில் வரிசையாக வைத்திருந்தான் அழகுராஜா. பெஞ்சுக்குப் பக்கத்தில் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சிவப்பு எண்களைப் பார்த்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான்.

முனீஸ்வரி செல்லத்தாயின் கமிஷன் கடையில் எடை போடுகிறவள். ஒன்பதாம் வகுப்பில் நின்றவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவளுக்குத் தொண்டையிலிருந்து குரல் வராது. டீச்சர் ஒருநாள் முழுக்க நிற்க வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் வரவில்லை. மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. கடையில் அந்தத் தொந்தரவு கிடையாது. மூட்டையை வைத்தால் பெட்டியில் எண் விழும். அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இப்படியே நாலு வருசம் ஓடிவிட்டது. அம்மாவுக்கு மில்லில் ஷிப்ட். அம்மா வரும்போது இவள் தூங்கிக்கொண்டிருப்பாள், இவள் கிளம்பும்போது அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். சில நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது படுத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வரும்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிற அழகுராஜா வந்து, மத்தியானம் சும்மா கிடக்கிற தராசில் நாலு வேண்டும் என்று கேட்டபோது, செல்லத்தாய் ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டாள். "தராசு போற எடத்துக்கு எங்க புள்ளயும் வரும். ஏத்தா முனீஸ்வரி, கூடப் போ. ஒண்ணும் ஒடைஞ்சிரக் கூடாது."

முதல் நாள் அவள் பட்டறை வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிறவன் கார்த்திகேஷ். அழகுராஜாவோடு கல்லூரியில் படித்தவன், சௌராஷ்டிராக்காரப் பையன், இப்போது பெங்களூரில் வேலை. போட்டி அன்று காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்குவான். ஓட்டுகிறவனை உட்கார வைக்காமல் எடை பார்த்தால் அந்த எடைக்கு அர்த்தம் இல்லை. அழகுராஜா தானே உட்கார்ந்து பார்த்தான். அவன் எண்பத்தொரு கிலோ. ஒத்துவரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தவன் கடைசியில் அவளைப் பார்த்தான்.

"நீ எம்புட்டு இருப்ப?"

அவள் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு தராசில் ஏறி நின்றாள். ஐம்பத்தாறு.

"அடி ஆத்தி! அவனும் ஹெல்மெட்டோட அம்பத்தாறுதான். கிராம் பிசகாம இருக்கியே புள்ள!"

அவள் இருக்கிறபடி இருப்பதைப் பார்த்து இப்படிச் சந்தோசப்பட்ட ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டாள். வெளியே தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு தொடர்ந்து நாலு மத்தியானங்கள். அழகுராஜா வேலை செய்துகொண்டே பேசுவான். அவளிடம்தான் பேசுகிறானா, கார்ட்டிடம் பேசுகிறானா என்று தெரியாது. தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் முட்டை வடிவத்தில் மண் தடம் போட்டிருக்கிறார்களாம். வண்டிகள் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வர வேண்டும். வலது பக்கம் திரும்பவே வேண்டியதில்லை.

"வளைவுல போறப்ப வெயிட்டு பூராம் வலது பக்கமாப் போயி விழுகும். பஸ்ஸுல வளைவுல திரும்புனா பக்கத்து ஆளு மேல விழுகமாட்டோம்? அது மாதிரி. அதனால முன்னாடியே இடது பக்கம் கூட வச்சுக்கிறணும். மொத்தம் நூத்தி நாப்பதுன்னா இடது எம்பது, வலது அறுபது. இடது கொறஞ்சுச்சுன்னா வளைவுல அந்தப் பக்கத்துச் சக்கரம் அந்தரத்துல தூக்கிரும், வண்டி படுத்துரும். ரொம்பக் கூடிருச்சுன்னா பிடிமானம் இல்லாம வழுக்கிக்கிட்டு வெளிய போயிரும். எஞ்சின் எல்லாருக்கும் ஒரே எஞ்சின்தான். ஜெயிக்கிறதும் தோக்குறதும் இந்த ரெண்டு மூணு கிலோவுலதான் இருக்கு."

சிம்மக்கல்லில் வாங்கிவந்த ஈயக்கட்டிகளை இருக்கைக்கு அடியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்து போல்ட்டு போட்டு முறுக்குவான். பிறகு வாளியில் போய் உட்காருவான். எண் பார்ப்பான். மறுபடி வருவான். நடுநடுவே "சாப்டியா?" என்பான். மூன்றாம் நாள் பருத்திப்பால் வாங்கிவந்து ஒரு டம்ளரை ஸ்டீயரிங்குக்கு முன்னால் நீட்டினான். "இதக் குடிச்சா நூறு கிராம் ஏறிரும். பரவால்ல, குடி." அவளுக்காக அதைக் கழித்து வேறு எழுதிக்கொண்டான். அவன் பெஞ்சுப் பக்கம் உட்கார்ந்து பேசும்போது, ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடி வழியாக அவனை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவனுக்குத் தெரியாது. வலது புருவத்தில் வெல்டிங் பொறி பட்ட சின்னத் தழும்பு. எண்களைக் கூட்டும்போது உதடு அசைகிற விதம். வீட்டுக்குப் போனதும் இடது பக்கக் கழுத்து வலிக்கும். ஹெல்மெட் கனம் என்று நினைத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை இடது எண்பது, வலது அறுபது என்று எண் விழுந்தது. அழகுராஜா வாளியிலிருந்து துள்ளி எழுந்தான். "முடிஞ்சுச்சு! ஞாயித்துக்கிழம நீயும் வா புள்ள. தராசையும் எடுத்துட்டு வாங்க, எதுக்கும் இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டில் சரக்கு ஏற்றுகிற காளையின் லோடு ஆட்டோவில் தராசுகளோடு போய் இறங்கினாள். கண்மாய்க் கரை முழுக்கச் சனம். ஷாமியானா, மைக் செட், சர்பத் வண்டி. கார்த்திகேஷின் பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். அவனை உட்கார வைத்து எடை பார்க்க நேரமில்லை. வந்தவன் பையைக் கீழே போட்டுவிட்டு நேராக ஹெல்மெட்டை எடுத்தான். மாட்டுவதற்கு முன் இவளைப் பார்த்து, "ஓ, என்னோட டூப்பு நீங்கதானா? தேங்க்ஸ்ங்க" என்றான். கனிவான முகம். கையில் இருந்த போனில் அவனுடைய அம்மா சௌராஷ்டிராவில் என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முதல் ஓட்டம். எட்டு வண்டிகள். நேர்த்தடத்தில் கார்த்திகேஷ் மூன்றாவதாக வந்தான். வளைவில் திரும்பியதும் இடது பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. ஒரு கை உயரம். எஞ்சின் வெறுமனே கத்தியது, வண்டி நகரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அப்படியே. ஆறாவதாக வந்தான். காலையில் தண்ணி தெளித்த ஈரம், மண் பிடிக்கிறது என்று அழகுராஜா டயரில் காற்றைக் கூட்டினான். இரண்டாவது ஓட்டத்தில் தடம் காய்ந்திருந்தது. ஆனாலும் சக்கரம் தூக்கியது. எட்டாவது.

முனீஸ்வரி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தை அல்ல, கார்த்திகேஷின் முதுகை. வளைவிலும் நேர்த்தடத்திலும் அது நட்ட கம்பு மாதிரி நேராக இருந்தது. அவளுக்கு இடது பக்கக் கழுத்து ஒரு நொடி வலித்தது. அது ஹெல்மெட் கனம் இல்லை.

"எல்லாம் இந்தத் தராசால மாப்ள" என்றான் அழகுராஜா. ஸ்பானரைத் தூக்கி மண்ணில் எறிந்தான். "கத்திரிக்கா நிறுக்குற தராச நம்பி வச்சேன் பாரு, எனக்கு வேணும். தராசு பொய் சொல்லுது."

"எந்தக் கடைத் தராசுண்ணே?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். மார்க்கெட்டில் பார்த்த முகம். காளை அவளைத் திரும்பிப் பார்த்தான். "ஏய், இது செல்லத்தாயக்கா காதுக்குப் போனா வெட்டிப்புடும் தெரியும்ல" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னான்.

அவள் லோடு ஆட்டோவின் பின்பக்கம் ஏறினாள். தினமும் காலையில் கடையில் தராசைச் சரிபார்க்கிற இருபது கிலோ இரும்புக்கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மடைக்குப் பக்கத்தில் சமமான சிமெண்டுத் தளம் இருந்தது. நான்கு தராசுகளையும் அங்கே வைத்தாள். கல்லை ஒவ்வொன்றிலும் ஏற்றி இறக்கினாள். இருபது. இருபது. இருபது. இருபது. கேள்வி கேட்டவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அழகுராஜா தலையைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தான். "தராசு சரி. ஈயம் வச்ச எடத்துலதான் இருக்கு. அப்ப எங்கதாண்டா தப்பு? கடைசி ஓட்டத்துக்கு இன்னும் முக்கா மணி நேரம்தான் இருக்கு."

சொல்லாமல் இருந்துவிடலாம். தராசின் மேல் இருந்த பழி போய்விட்டது. அடுத்த மாதப் போட்டிக்கும் அவன் அதே இருக்கையில் அவளை உட்காரச் சொல்லுவான், அதே வாளியில் உட்கார்ந்து பேசுவான், அப்போது நேராக உட்கார்ந்துகொண்டால் போயிற்று. சொன்னால் ஏன் என்று கேட்பான். அவள் அவன் முதுகையே பார்த்தாள். சட்டை முழுக்க வேர்வை. ஒரு மாதமாக ராத்திரி பகல் பார்க்காமல் அவன் வெல்டு வைத்த வண்டி அது.

"அண்ணே."

குரல் வந்துவிட்டது. அவளுக்கே அது புதிதாக இருந்தது. அழகுராஜா நிமிர்ந்தான்.

"நான்தாண்ணே சரியா உக்காரல. இடது பக்கமாச் சாஞ்சு உக்காந்துட்டேன். நாலு நாளும்."

"சாஞ்சியா? எதுக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். தரையைப் பார்த்தாள். சர்பத் வண்டிக்காரன் பாட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தான். அழகுராஜா அவளையே பார்த்தான். பிறகு நெற்றியில் படாரென்று அறைந்துகொண்டு சிரித்தான்.

"நம்பரப் பாத்தியாக்கும்! பொட்டியப் பூராம் நான் பெஞ்சுல அந்தப் பக்கம்ல வச்சிருந்தேன். கடைக்காரிக்கு எண்ணைப் பாக்காம இருக்க முடியுமா? மாப்ள, கேட்டியாடா கூத்த! நிறுத்துப் பழகுன கண்ணு, எட்டி எட்டிப் பாத்திருக்கு!"

கார்த்திகேஷும் சிரித்தான். "பரவால்லங்க. இப்பவாச்சும் சொன்னீங்களே."

"ஆமாண்ணே" என்றாள் முனீஸ்வரி. "நம்பரத்தான் பாத்தேன்."

கார்ட்டைத் தராசுகள்மேல் ஏற்றினார்கள். கார்த்திகேஷ் ஏறி உட்கார்ந்தான். கால் நீட்டி, கை வைத்து, கண் நேரே. அவள்தான் எண்களைப் படித்தாள். இடது எழுபத்தேழு, வலது அறுபத்து மூன்று. வலது பக்கம் இருந்த மூன்று கிலோ ஈயக்கட்டியை அழகுராஜா கழற்றி இடது பக்கம் மாட்டினான். எண்பது, அறுபது.

"மூணு கிலோ மாப்ள. இம்புட்டுதான். இனிமே அந்தக் கதையே வேணாம். சாக்குல மண்ணு அள்ளி அம்பத்தாறு கிலோ நிறுத்து சீட்டுல வச்சுருவோம். மூட்டை எதையும் பாக்காது, எங்கயும் சாயாது."

எல்லோரும் சிரித்தார்கள். முனீஸ்வரியும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

கடைசி ஓட்டத்தில் சக்கரம் தூக்கவில்லை. வளைவில் வண்டி மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு சுற்றியது. எஞ்சின் சத்தம் எங்கேயும் உடையவில்லை. கார்த்திகேஷ் இரண்டாவதாக வந்தான். அழகுராஜா கரையிலிருந்து சரிந்து ஓடினான். ஓடும்போது அவள் தோளில் இடித்துவிட்டு, யார் என்று பார்க்காமலே "வாரேன், வாரேன்" என்று கத்திக்கொண்டு போனான். அங்கே அவனைத் தூக்கிக்கொண்டார்கள்.

காளை டீ குடிக்கப் போயிருந்தான். தராசுகளை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, அவள் ஆள் இல்லாத தடத்தில் இறங்கினாள். தூரத்து வளைவு வரைக்கும் நடந்தாள். ஓரத்தில் புழுதி கணுக்கால் அளவு கிடந்தது. வண்டிகள் போன உள்பக்கம் மட்டும் ரப்பர் தேய்ந்து, இறுகி, கடப்பாக்கல் மாதிரி கறுப்பாகப் பளபளத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தாள். சுட்டது.

பின்னால் தண்ணி லாரி வந்துகொண்டிருந்தது. அடுத்த பிரிவுப் போட்டிக்குத் தடத்தை நனைக்க வேண்டும்.

"ஏத்தா, ஓரமாப் போ. தண்ணி விடணும்" என்று டிரைவர் கத்தினான்.

அவள் புழுதிக்குள் விலகி நின்றாள். லாரி பக்கத்தில் வந்தபோது அதன் இரைச்சலில் ஷாமியானாவின் மைக் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"நம்பரப் பாக்கலண்ணே" என்றாள் முனீஸ்வரி. சத்தமாகத்தான் சொன்னாள்.

லாரி அவளைக் கடந்து போனது. கறுத்து இறுகியிருந்த அந்தத் தடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. வளைவின் சரிவில் ஒரே தகடாக உருண்டு, ஓரத்துப் புழுதியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்தோ இரண்டு மைனாக்கள் வந்து இறங்கி, அது போகிற பக்கமே தத்தித் தத்திப் போயின.